மூன்று நாற்பதுக்குப் பேசிய ஸ்பீக்கர்

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கம்ப்யூட்டர் வேலை செய்கிறவன், எது நடந்தாலும் அதற்கு ஒரு பதிவு இருக்கும், திறந்து பார்த்தால் காரணம் தெரிந்துவிடும் என்று இருபது வருஷமாக நம்பியவன். இதைக் கேட்டுவிட்டு ஸ்பீக்கரில் ஏதோ கோளாறு என்பீர்கள். சொல்லுங்கள், நானும் அப்படித்தான் எனக்கே சொல்லிப் பார்த்தேன்.

மலைமேல் இருக்கிற ஊரான தானா ராத்தாவில் எங்கள் வீடு. நாலைந்து ஹோம்ஸ்டேகளுக்கும் ஒரு ஸ்ட்ராபெரி தோட்டத்துக்கும் புக்கிங் வெப்சைட் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. வீட்டு விளக்கையும் ஹீட்டரையும் தானாக இயக்குகிற மென்பொருள் ஒன்றைச் சின்னக் கம்ப்யூட்டரில் போட்டு, வெப்சைட்டுகளையும் அதையே கவனிக்க வைத்திருந்தேன். நிமிஷத்துக்கு ஒரு முறை ஒவ்வொன்றாகத் தொடர்புகொண்டு பார்க்கும், பதில் வராவிட்டால் ஹால் விளக்கு சிவப்பாகும், எது விழுந்தது என்று ஸ்பீக்கர் சொல்லும்.

என் மனைவி வசந்தியின் அண்ணன் செல்வம், ரிங்லெட் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் தனியாக இருந்தார். நுரையீரல் கெட்டுப்போய், கரண்டில் ஓடும் ஆக்ஸிஜன் மெஷின் இல்லாமல் அரை மணி நேரம்கூட இருக்க முடியாத நிலை. கரண்டு போனால் சிலிண்டருக்கு மாற்ற வேண்டும். அதைத் திருகித் திறக்க அவர் கையில் பலமில்லை, பக்கத்து வீட்டுச் சரசக்காதான் வந்து திறந்துவிடுவார். எங்களோடு வந்துவிடுங்கள் என்று எத்தனையோ முறை கூப்பிட்டும் மச்சான் கேட்கவில்லை. அதனால் அவர் வீட்டில் கரண்டிலும் இண்டர்நெட்டிலும் ஓடும் ஒரு சின்னப் பெட்டியைச் செருகி, அதையும் என் பட்டியலில் சேர்த்தேன். அங்கே கரண்டு போனால் 'செல்வம் ஹவுஸ் ஆஃப்லைன்' என்று இங்கே ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் சொல்லும், நான் உடனே மச்சானுக்கோ சரசக்காவுக்கோ போன் போடுவேன். நான் எழுதி வைத்தது அந்த ஒரே வாசகம்தான். கரண்டு திரும்பி வந்தால் சொல்ல ஒன்றும் எழுதவில்லை. பெட்டியைப் பொருத்திய அன்றைக்குத்தான் வசந்தி பல மாதங்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள்.

மழை தொடங்கியதும் தொல்லையாகிவிட்டது. கரண்டு இருக்கும், இண்டர்நெட் மட்டும் போய்விடும், ஸ்பீக்கர் பேசும், நான் போன் போடுவேன்.

"லைன்தான் போச்சு லா மாப்ள. நான் நல்லாத்தான் இருக்கேன்" என்பார் மச்சான், மூச்சு வாங்கிக்கொண்டே.

அந்தச் சனிக்கிழமை பள்ளி விடுமுறைக் கூட்டம். ஒரு வெப்சைட் காலையிலிருந்து விழுவதும் எழுவதுமாக இருந்தது, ஆளாளுக்கு என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்கள், நடுவே செல்வம் ஹவுஸ் நாலு முறை. நாலு முறையும் இண்டர்நெட்தான். ஐந்தாவது முறை நான் போன் போடவில்லை. அவர் வீட்டு எச்சரிக்கையை மட்டும் நிறுத்தி வைத்தேன், சாயந்திரம் திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்று. அப்போது மணி இரண்டு. வசந்தியிடம் சொல்லவில்லை.

நம்பினால் நம்புங்கள், மூன்று நாற்பதுக்கு ஸ்பீக்கர் பேசியது. அதே பெண் குரல், ஆனால் தமிழில்.

"செல்வம் வீடு சரியாயிருச்சு."

அந்த நிமிஷம் எனக்கு ஆச்சரியம்கூட வரவில்லை, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அப்பாடா, ஒரு வேலை குறைந்தது என்றுதான் தோன்றியது. சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்த வசந்தி எட்டிப் பார்த்தாள். நான் போனை எடுத்தேன், ஒரு ஹோம்ஸ்டேக்காரருக்குப் பதில் அனுப்ப. அவள் உள்ளே போய்விட்டாள்.

ஐந்தரைக்குச் சரசக்கா கூப்பிட்டார். அவர் மத்தியானம் டவுனுக்குப் போயிருந்தாராம். திரும்பி வந்தால் லைன் வீடுகள் முழுக்கக் கரண்டு இல்லை, மச்சான் தரையில் உட்கார்ந்தபடி சிலிண்டர்மேல் சாய்ந்திருக்கிறார், கை அதன் திருகைப் பிடித்தபடியே இருந்திருக்கிறது.

"உடம்பு சில்லுன்னு ஆயிருச்சு தம்பி" என்றார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு பதிவைத் திறந்தேன். இரண்டு ஐம்பத்தெட்டுக்கு அந்த வீட்டின் தொடர்பு மறுபடி போயிருக்கிறது. நான் நிறுத்தி வைத்திருந்ததால் எச்சரிக்கை வரவில்லை. மறுநாள் காலை வரை அங்கே கரண்டு வரவேயில்லை. மூன்று நாற்பதுக்கு எதுவும் இல்லை, இரண்டு மணிக்குப் பிறகு செல்வம் வீட்டைப் பற்றி ஸ்பீக்கருக்கு எந்தச் செய்தியும் போகவில்லை. எத்தனை முறை தேடினேன் என்று எனக்கே தெரியாது.

ஒரு மாதம் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு வசந்தி போட்ட சோற்றைச் சாப்பிட்டேன். பிறகு முடியவில்லை. ஒரு நாள் காலையில், எச்சரிக்கையை நிறுத்தியது நான்தான், அப்புறம் 'சரியாயிருச்சு' என்று ஸ்பீக்கர் சொன்னதைக் கேட்டு அப்படியே விட்டுவிட்டேன் என்று அவளிடம் சொன்னேன். கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் குடித்துக்கொண்டிருந்த காப்பித் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"அது அப்படிச் சொல்லலைங்க" என்றாள். "அண்ணனைக் கூப்பிடுன்னு சொல்லுச்சு. நீங்க போனை எடுத்தீங்க, அண்ணன்கிட்டதான் பேசப் போறீங்கன்னு உள்ள போயிட்டேன்."

ஒரே ஸ்பீக்கர், ஒரே நேரம், எங்கள் இருவருக்கும் நடுவில் நாலடி தூரம்கூட இல்லை. எனக்கு வேண்டியதை நானே கேட்டுக்கொண்டேனா, இல்லை எனக்கு மட்டும் அப்படிச் சொன்னதா, தெரியவில்லை.

அவள் தம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சமையலறை வாசல்வரை போனவள், திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"ரெண்டு தரம் சொல்லுச்சு."