முதுகுப் பக்கத்து பக்கிள்

அக்கா முதன்முதலில் உடைத்தது தன் புருஷனின் மணிக்கட்டை. அதற்கு முன்னால் அவன் அவள் மூக்கை உடைத்திருந்தான், பல்லைத் தட்டியிருந்தான், வெல்டிங் கம்பியால் முழங்கையில் சூடு வைத்திருந்தான். அதெல்லாம் யார் காதிலும் விழவில்லை. அவள் ஸ்பேனரால் அடித்த ஒரே ஒரு அடிதான் தெரு முழுக்கப் பேச்சானது. பேசுகிற வாய்க்கு என்ன, வாடகையா கொடுக்க வேண்டும்?

அடித்த கையோடு தெருவில் இறங்கியவள், கதவு திறந்திருந்த முதல் இடத்துக்குள் நுழைந்தாள். அது எங்கள் மிஷன் ஷெட். நடக்க முடியாத பிள்ளைகளுக்காக வெளிநாட்டுச் சபைக்காரர்கள் காணிக்கை சேர்த்து அனுப்பும் சக்கர நாற்காலிகள் அங்கேதான் உதிரி உதிரியாக வந்து இறங்கும். பூட்டிக் கொடுக்க ஆள் கிடைக்காமல் போதகர் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த நேரம் அது. நான் அங்கே மெத்தையும் பெல்ட்டும் தைக்கிறவன். பயந்த சுபாவம், தையல் மிஷின் ஊசி உடைந்தாலே எனக்குச் சோறு இறங்காது. மூக்கில் ரத்தம் காயாமல், கையில் ஸ்பேனரோடு வந்து நின்றவளைப் பார்த்ததும் ஒளிய இடம் தேடினேன். அக்கா என்று கூப்பிடத் துணிந்தது பிற்பாடுதான். போதகர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார்.

வேலை கொடுத்தார். படுக்கப் பின்னறையைக் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனைதான். இனி மனுஷர் மேல் கை ஓங்கக் கூடாது, ஓங்கினால் அன்றைக்கே வெளியே.

"மன்னிக்கக் கத்துக்கணும்மா," என்றார்.

"அது உங்க டிபார்ட்மெண்ட், பாஸ்டர். நான் ஸ்பேனர் டிபார்ட்மெண்ட்," என்றாள் அக்கா. ஆனாலும் தலையாட்டினாள். அவளுக்குப் போக வேறு இடம் இல்லை.

மனுஷரை அடிக்கக் கூடாது என்றால் அத்தனை கோபமும் எங்கே போகும்? நாற்காலிகள் மேல் போனது. பூட்டி முடித்த ஒவ்வொன்றையும் தலைக்கு மேல் தூக்கி, ஷெட் படியிலிருந்து முற்றத்துக் கல் தரையில் ஓங்கி எறிவாள். பிறகு இறங்கிப்போய் எட்டி உதைப்பாள். பார்க்க வந்த காணிக்கைக்காரர்கள் வெலவெலத்துப் போவார்கள். "உடையறதுன்னா என் கையில உடையட்டும். புள்ளையோட சேர்ந்து உடைய வேணாம்," என்பாள். அவள் எறிந்து பார்த்துத் தேறிய நாற்காலி எதுவும் முறிந்து திரும்பி வந்ததில்லை.

நாற்காலி கொடுக்கும் நாளில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. பெற்றவர்களில் ஒருவர்தான், பெரும்பாலும் அப்பாதான், பிள்ளையைத் தூக்கி உட்கார வைக்க வேண்டும். பெல்ட் போட்ட பிறகு ஜெபம், அப்புறம் போட்டோ. பெல்ட்டை மாட்டிக் கழற்றும் பக்கிள் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும். எங்கேயோ ஒரு பிள்ளை தானே பெல்ட்டைக் கழற்றி, சரிவில் உருண்டு செத்துப்போனதாம். அதனால் பிள்ளையின் கைக்கு எட்டக் கூடாது என்று மிஷனின் வெளிநாட்டு அம்மா சட்டம் போட்டிருந்தார். நல்ல சட்டம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அப்படி ஒரு நாளில்தான் அணில் வந்தாள். இடுப்புக்குக் கீழே உயிர் இல்லாத சின்னப் பெண். கைகளை ஊன்றி அவள் தரையோடு ஓடுகிற ஓட்டத்துக்கு நான் வைத்த பெயர் அது. வந்த வேகத்தில் என் மிஷினுக்கு அடியில் புகுந்து சாக்பீஸைத் திருடிக்கொண்டாள். அவள் அப்பன் லாரியில் மூட்டை ஏற்றுகிறவன், கதவை அடைக்கிற தோள். அம்மா இஸ்திரிக் கடையில் வேலை செய்கிறவள், வாய் திறக்கவே மாட்டாள். அப்பன் தூக்கி உட்கார வைத்து, முதுகுப் பக்கம் பக்கிள் 'டக்' என்று விழுந்ததும் அணில் போட்ட அலறலில் ஷெட் தகரம் அதிர்ந்தது. அக்காவின் கையை ரத்தம் வரக் கடித்துவிட்டாள்.

"புதுசுல அப்படித்தான் இருக்கும்," என்றார் போதகர். போட்டோவில் அப்பன் சிரித்துக்கொண்டிருந்தான்.

பிள்ளை வளர வளர நாற்காலியின் அளவை மாற்ற வேண்டும். அதற்காக மறுபடி அணிலை அழைத்து வந்தபோது அவள் முன்பல் இல்லை. தோள்பட்டை எலும்பு முறிந்து கோணலாகக் கூடியிருந்தது. உதட்டில் புதுக் காயம். நாற்காலியின் சாய்மானக் குழாய் தலை உயரத்தில் நசுங்கியிருந்தது.

"விழுந்துட்டா," என்று சொல்லிவிட்டு அப்பன் பீடி பற்றவைக்க வெளியே போனான். அம்மா வாசலோடு நின்றுகொண்டாள். அக்கா பிள்ளையின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"நாற்காலி வர்றதுக்கு முன்னாடி அப்பா அடிச்சா என்ன பண்ணுவ?"

"கட்டிலுக்கு அடியில போயிடுவேன். அவருக்குக் குனிஞ்சா முதுகு வலிக்கும்."

"இப்ப?"

அணில் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். விரல்கள் பக்கிளைத் தேடின. எட்டவில்லை.

ஜெபம் பண்ணி, கைதட்டி, ஒரு பிள்ளையை அடி வாங்குவதற்குத் தோதாகக் கட்டி வைத்து அனுப்பியிருக்கிறோம். அக்கா கத்தியை எடுத்து அந்த பெல்ட்டை அறுத்தாள்.

"முன்பக்கம் பக்கிள் வச்சுத் தை. ஒரே இழுப்புல கழலணும்."

"சட்டம் இருக்கேக்கா..."

"உன் சட்டத்த அவ பல்லுகிட்ட போய்ச் சொல்லு."

தைத்துக் கொடுத்தேன். அக்கா அதை மாட்டிவிட்டு, ஸ்பேனரைத் தலைக்கு மேல் ஓங்கி நின்றாள். "நான் அடிக்கப் போறேன். அடி விழறப்ப நீ அங்க இருக்கக் கூடாது."

முதல் தடவை பிள்ளை கண்ணை மூடித் தலையைக் கையால் பொத்திக்கொண்டது. ஸ்பேனர் நூலிழையில் நின்றது. அக்கா அதைக் கீழே இறக்கினாள். "பொத்தாத. பொத்தினா இன்னும் ரெண்டு விழும், எனக்குத் தெரியும். இழு," என்றாள். அடுத்த தடவை அணில் இழுத்தாள், ஆனால் விழப் பயந்தாள். அதற்கடுத்த தடவை ஸ்பேனர் சாய்மானத்தில் இடியாக இறங்கிப் பெயிண்ட் தெறித்தபோது, அணில் என் மிஷினுக்கு அடியில் இருந்தாள். பல் போன வாயோடு சிரித்தாள்.

சத்தம் கேட்டு அப்பன் உள்ளே வந்தான். "நாற்காலி வாங்கிக் குடுத்தும் தரையிலயா கெடக்குற," என்று கையைப் பிடித்து இழுத்துத் தூக்கி உட்கார வைத்தான். பெல்ட்டை மாட்டினான். எங்கள் எல்லோர் முன்னாலும் முஷ்டியை ஓங்கினான். அணில் கண்ணை மூடவில்லை. இழுத்தாள், விழுந்தாள். முஷ்டி வெறும் இரும்பில் போய் மோதித் தோல் கிழிந்தது.

அதில்தான் அவனுக்கு வெறி தலைக்கேறியது. முதுகு வலி மறந்துபோய்க் குனிந்தான். மிஷினுக்கு அடியில் கையை விட்டு, உணர்ச்சியில்லாத அந்தக் காலைப் பிடித்து இழுத்தான். அணில் மிஷினின் இரும்புக் காலைக் கட்டிக்கொண்டாள். பிள்ளையோடு மிஷினும் தரையில் நகர்ந்தது. "தம்பி, தம்பி," என்று ஓடிவந்த போதகரின் வாயில் முழங்கையால் ஒரு இடி. அவர் உதட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் சுவரோடு சுவராக நின்றேன்.

அக்கா போதகரைப் பார்த்தாள். "பாஸ்டர், என் பெட்டிய கட்டி வச்சுடுங்க," என்றாள்.

ஸ்பேனர் அவன் கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவன் இன்னொரு கையால் அவள் மூக்கில் குத்தினான். பழைய முறிவிலேயே மூக்கு மறுபடி உடைந்தது. அக்கா பின்வாங்கவில்லை. நெற்றியால் அவன் முகத்தில் முட்டினாள். வாசல் வரை தள்ளிக்கொண்டே போனாள். அந்த நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கி, வழக்கமாக எறிகிற இடத்திலேயே எறிந்தாள். இந்தத் தடவை நடுவில் அவன் நின்றான். படியோடு உருண்டு கல் தரையில் விழுந்தவன் எழவில்லை, முனகினான்.

அம்மாக்காரி உள்ளே வந்தாள். மிஷினுக்கு அடியில் குனிந்து பிள்ளையைத் தூக்கினாள். முற்றத்தில் கிடந்த நாற்காலியை நிமிர்த்தி, அதில் உட்கார வைத்து, முன்பக்க பக்கிளைப் போட்டு, ஒரு தடவை இழுத்தும் பார்த்துக்கொண்டாள்.

"நாங்க எங்க தங்கறது?" என்றாள். அவள் குரலை நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.

அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னறையைக் காட்டினாள். "அது காலியாத்தான் ஆகப் போகுது."

போலீஸ் வந்தது. வீங்கிய உதட்டோடு போதகர் எழுந்து நின்றார். "நாற்காலிய எறிஞ்சு சோதிக்கறது எங்க வழக்கம், சார். இவரு குறுக்க வந்துட்டாரு."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். "ஆமா சார்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் அடுத்து அணிலின் வாயைப் பார்த்தார், தோளைப் பார்த்தார். பிறகு கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு அப்பனை ஜீப்பில் ஏற்றச் சொன்னார். சொன்ன பொய்க்காகப் போதகர் அன்றைக்கு முழங்காலில் நின்ற நேரத்தைச் சொல்ல முடியாது. அக்காவின் பெட்டி மட்டும் கட்டப்படவே இல்லை.

இப்போது எங்கள் ஷெட்டில் எல்லா பெல்ட்டுக்கும் பக்கிள் முன்பக்கம்தான். வெளிநாட்டு அம்மா போனில் சத்தம் போட்டார், பிறகு நேரில் வந்து அணிலைப் பார்த்தார், சட்டத்தைத் தானே மாற்றிவிட்டார். பக்கிளை இழுக்கக் கை வராத பிள்ளைகளின் வீட்டுக்கு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அக்காவே போய்வருகிறாள். நாற்காலி சரியாக ஓடுகிறதா என்று பார்க்கவாம். அதைப் பார்க்க ஸ்பேனர் எதற்கு என்று எந்த வீட்டிலும் கேட்டதில்லை.

நாற்காலி கொடுக்கும் நாளில் இன்னொரு முறையும் சேர்ந்திருக்கிறது. நான் தைத்த மெத்தையைக் கீழே விரிப்போம். அப்பா பிள்ளையைத் தூக்கி உட்கார வைத்ததும், எப்படி விழுவது என்று அணில் செய்து காட்டுவாள். பிறகு அக்கா அந்தப் பிள்ளையின் தலைக்கு மேல் ஸ்பேனரை ஓங்குவாள். பிள்ளை பக்கிளை இழுத்து விழுந்து தப்பித்த பிறகுதான் ஜெபம். ஸ்பேனர் பிள்ளைக்கு மேலேதான் நிற்கும். அக்காவின் கண் மட்டும் கடைசி வரை அந்த அப்பாவை விட்டு நகராது.