மூன்று ஓட்டு, மூன்று பக்கம்

முப்பத்தேழாயிரம் அடி. அவளுடைய வேலைநாளில் பாதி அந்த உயரத்தில்தான் கழிகிறது. துணை விமானி, வலப்பக்க இருக்கை. வீட்டில் அவளுக்கு ‘ஆமை’ என்று பெயர். உப்பு போதுமா என்று கேட்டால்கூட ஒரு மூச்சு இழுத்து விட்டுத்தான் பதில் வரும்.

வீட்டில் மூன்று பேர். எதற்கெடுத்தாலும் ஓட்டெடுப்பு. சுவருக்கு என்ன நிறம், ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது, எதுவானாலும் இரண்டு கை உயர்ந்தால் பேச்சு முடிந்தது. விமானத்துக் கணினியும் அப்படித்தான் என்று மகளிடம் ஒருநாள் சொன்னாள். மூக்கருகே மூன்று சின்னக் குழாய்கள் காற்றை வாங்கி வேகம் சொல்லும். ஒன்று உளறினால், மற்ற இரண்டையும் கணினி நம்பும்.

“மூணும் மூணு மாதிரி சொன்னா?”

“எனக்குத் தெரியல, நீங்களே பாத்துக்கங்கன்னு கைய விரிச்சிடும்.”

“அப்பா மாதிரி.”

“கேட்டுச்சு, கேட்டுச்சு,” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

பிறகு ஒருநாள், ஒரு பயணத்தில் அவள்தான் ஓட்டினாள். கீழே மேகம் வெளுத்த மெத்தையாய் விரிந்து கிடந்தது. மத்தியான வெயில் அதில் ஊறி, விமானம் போகிறதா, நிற்கிறதா என்றே தெரியவில்லை. அந்த நேரத்தில் அவளுக்கு எப்போதும் பாதிக் கனவில் இருப்பது போலிருக்கும்; கண் மட்டும் முள்ளிலும் எண்ணிலும் இருக்கும்.

இடப்பக்கம் கேப்டன். அவளைக் கேப்டன் ஆக்கலாமா, வேண்டாமா என்று இந்தப் பயணம் முடிந்ததும் எழுதித் தரப்போகிறவர் அவர்தான். வீட்டுப் பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

“ஆமை ஓட்டுற விமானம். போய்ச் சேர்றதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன்.”

ஒரு மூச்சு கழித்துச் சிரித்தாள்.

வெளியே வெளிச்சம் பாலாய்க் கலங்கியது. கண்ணாடியில் யாரோ மணல் தூவுவது போன்ற சத்தம்: பனித்துகள். அடுத்த நொடி மணி அலறியது. விமானத்தைத் தானாக ஓட்டும் தானியங்கி கழன்றுகொண்டது. குழாய்களில் பனி அடைத்து, மூன்றும் மூன்று வேகம் சொல்ல, கணினி கையை விரித்துவிட்டது. மற்ற நாட்களில் விமானி ஓட்டும் பிடியை எவ்வளவு இழுத்தாலும் விமானத்தின் மூக்கை அளவுக்கு மேல் தூக்கவிடாது. அந்தக் காவலும் இப்போது இல்லை.

“கன்ட்ரோல் என் கையில,” என்றாள்.

செய்ய வேண்டியது ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஒரு நிமிடம் முன்பு மூக்கும் எஞ்சினும் எப்படி இருந்தனவோ, அப்படியே வைத்திருக்க வேண்டும். பூப்போலப் பிடித்தாள்.

உயரமானி சட்டென்று முந்நூறு அடி குறைத்துக் காட்டியது. வேகம் பொய்யானால் அதுவும் கொஞ்சம் பொய் சொல்லும். ஆனால் மூக்கு நிஜமாகவே ஏறிக்கொண்டிருந்தது. அவள் பிடி அசையவில்லை. “ரெண்டு கை, ரெண்டு கை” என்று எச்சரிக்கைக் குரல் இரைந்தது. திரும்பிப் பார்த்தாள். கேப்டனின் கை அவருடைய பிடியை இழுத்துக்கொண்டிருந்தது; கண் உயரமானியில். இந்த விமானத்தில் ஒருவர் பிடியை இழுப்பது மற்றவர் கைக்குத் தெரியாது. இரண்டையும் கூட்டிச் செய்துவிடும் கணினி. இன்னும் கொஞ்சம் ஏறினால் இறக்கைக்குக் காற்றுப் பிடிக்காது; விமானம் கல்லாய் விழும்.

எழுதித் தரப்போகிற கை அது.

அவள் மூச்சு இழுக்கவில்லை.

“சார், கைய எடுங்க! உயரம் பொய். மூக்கு ஏறுது!”

யாருடையதோ என்பது போல அவர் தன் கையைப் பார்த்தார். “எடுத்துட்டேன். உன் கையிலம்மா.”

மூக்கை மெல்ல இறக்கிப் பழைய இடத்தில் வைத்தாள். மணல் சத்தம் ஓய்ந்தது. முதலில் இரண்டு குழாய்கள் ஒரே வேகத்தைச் சொல்லின. கொஞ்சம் தயங்கி மூன்றாவதும் சேர்ந்துகொண்டது. வெளியே மறுபடி அதே மெத்தை, அதே வெயில், ஒன்றுமே நடக்காதது போல.

வெகுநேரம் கழித்து அவர் கேட்டார்: “ஆமைன்னு எவம்மா உனக்குப் பேரு வெச்சது?”

“வீட்டுல ஓட்டுப் போட்டு வெச்சாங்க சார்.”

தரையிறங்கியதும் நடந்ததை அலுவலகத்தில் சொன்னபோது, தன் கையைப் பற்றி அவரே முதலில் சொன்னார். மூன்று குழாய்களையும் கழற்றி மாற்றினார்கள். வருகிற திங்கட்கிழமை இருவரும் பயிற்சி அறையின் பொய் விமானத்தில் இதே பனிக்குள் மறுபடி பறக்கிறார்கள். இடப்பக்க இருக்கை அவளுக்கு.