கார்த்திகேசு போட்ட பிள்ளையார் சுழி

சுங்கை சிப்புட் கடைத்தெருவில் கார்த்திகேசுக்கு ஒரு பழுது பார்க்கும் கடை. கைப்பேசி, கணினி, சுற்றாத காற்றாடி, சூடேறாத இஸ்திரிப்பெட்டி, எதைக் கொண்டுபோனாலும் முதலில் மூக்கருகே வைத்து மோந்து பார்ப்பார். பிறகுதான் கை வைப்பார். பள்ளிக்கூடம் மூன்றாம் படிவத்தோடு முடிந்துபோன மனிதர். ஆனாலும் எழுத்தில் ஓர் ஒழுங்கு உண்டு. ரசீதோ மொய் உறையோ, உச்சியில் ஒரு 'உ' போடாமல் பேனா நகராது. மருத்துவமனையில் மூத்திரம் பிடிக்கக் குப்பி கொடுத்தபோது, அதில் ஒட்டிய சீட்டிலும் பிள்ளையார் சுழி போட்டுத்தான் பெயர் எழுதினார் என்று எதிர்க்கடை ஷரபுதீன் தேநீர் ஆற்றிக்கொண்டே சொல்வார். உண்மையோ பொய்யோ, ஊர் நம்பிவிட்டது.

அந்த மனிதருக்குப் பொறாமை வந்த கதை இது. பக்கத்து வீட்டுக் காரைப் பார்த்து வருகிற சில்லறைப் பொறாமை இல்லை. ஒன்பது வருடம் தான் உட்கார்ந்து சூடேற்றிய நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்தால் வருமே, அந்த ரகம்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், ஈப்போவில் ஓர் அலுவலகம் கழித்துக் கட்டிய பன்னிரண்டு கணினிகள் தோட்டத்துக் கோயில் படிப்பகத்துக்கு வந்து சேர்ந்தன. தோட்டம் என்பது பெயரளவுக்குத்தான். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, சனங்களெல்லாம் டவுன் பக்கம் குடியேறி, கோயிலும் படிப்பகமும் மட்டும் அங்கேயே நின்றன. கார்த்திகேசுதான் யார் யாரையோ கேட்டு அந்தக் கிழட்டுப் பெட்டிகளில் லினக்ஸ் ஏற்றி உயிர் கொடுத்தார். அதை யாரும் மறுக்க முடியாது.

லினக்ஸில் ஒரு வசதி. வேண்டிய மென்பொருளைத் தேடி அலைய வேண்டாம். எந்தக் கிடங்கில் போய் எடுப்பது என்ற விலாசத்தை ஒரு பட்டியலில் எழுதி வைத்துவிட்டால், பெயரைச் சொன்னதும் கணினி தானே போய்த் தூக்கி வந்துவிடும். அந்த விலாச வரியைக் கார்த்திகேசு மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்திருந்தார். அவருக்குத் தெரிந்ததும் அந்த ஒரு மந்திரம்தான். பட்டியலின் முதல் வரியில் வேலித் துண்டு மாதிரி # என்று ஒரு குறி போட்டு, பக்கத்தில் 'உ' என்று அடிப்பார். அந்தக் குறிக்குப் பின்னால் இருப்பதைக் கணினி படிக்காது, மனிதர் கண்ணுக்கு மட்டும்தான். அதனால் பிள்ளையாருக்கும் இடைஞ்சல் இல்லை, கணினிக்கும் இடைஞ்சல் இல்லை.

ஆனால் இதை அவர் யாருக்கும் காட்டியதில்லை. ஒரு தமிழ் எழுத்துரு ஏற்ற வேண்டுமென்றாலும் அறையைக் காலி செய்யச் சொல்வார்.

"எல்லாம் வெளிய நில்லுங்கலா. மூச்சுக்காத்து பட்டா வைரஸ் ஏறிடும்!"

கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு வரி தட்டுவார். அரைமணி நேரம் காற்றாடிக்குக் கீழே காலை நீட்டிக் கிடப்பார். பிறகு முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்தவர் மாதிரி வெளியே வருவார். படிப்பகச் சாவி எப்போதும் அவர் இடுப்பில். அதைக் குலுக்கிக்கொண்டு அவர் நடந்தால், பின்னால் மாடு வருகிறதோ என்று திரும்பிப் பார்க்க வேண்டும்.

இந்த வருடம் தைப்பூசம் கழிந்து மந்திரம் பலிக்காமல் போனது. எந்த மென்பொருளைக் கேட்டாலும் திரை முழுக்க 'நானூற்று நான்கு, காணவில்லை' என்று வந்தது. மூன்று நாள் முட்டிப் பார்த்துவிட்டுக் கோயில் தலைவர் மகேந்திரனிடம் போய்க் கையை விரித்தார்.

"ரோசாக் ஆயிடுச்சி தலைவரே. பன்னெண்டும் செத்துடுச்சி. இரும்புக் கடைக்குத்தான்."

அந்த நேரம் பார்த்துத்தான் தினேஸ்வரி ஊருக்குத் திரும்பினாள். பினாங்கில் ஒரு சிப் தொழிற்சாலையில் பதினான்கு வருடம் வேலை செய்தவள். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் படிப்பகத்துக்கு வந்தவள், ஒரு கணினி முன்னால் உட்கார்ந்தாள். கடவுச்சொல்லைக் கார்த்திகேசு கொடுக்கவில்லை. அவள் கேட்கவும் இல்லை. கணினி எழும்புகிற நேரத்தில் ஏதோ ஒரு விசையை அழுத்தினாள், உள்ளே போய்விட்டாள். ஒன்பது வருடம் பூட்டி வைத்த வீட்டுக்குப் பின்கதவு திறந்தே கிடந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் கார்த்திகேசுக்குத் தெரிந்தது.

"ஒண்ணும் சாகல அண்ணே," என்றாள். "இந்த லினக்ஸ் பழசாயிடுச்சி. அதோட சாமானையெல்லாம் வேற கிடங்குக்கு மாத்திட்டாங்க. நம்மதான் இன்னும் பழைய கடை வாசல்ல நின்னு கதவத் தட்டிக்கிட்டு இருக்கோம்."

விலாசத்தை மாற்றினாள். கடகடவென்று சாமான் இறங்கியது. அதோடு விடாமல், ஒரு வாரத்தில் பன்னிரண்டையும் புதிய பதிப்புக்கு ஏற்றி, மலேசியாவுக்குள்ளேயே இருக்கிற ஒரு கிடங்கின் விலாசத்தைப் பட்டியலில் போட்டாள். பட்டியலையும் புதிதாக எழுதிவிட்டாள். மேலே சுழி கிழி எதுவும் இல்லை. அதைவிடப் பெரிய பாதகம், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தாள். மூச்சுக்காற்று தாராளமாகப் பட்டது. வைரஸ் ஏறவில்லை.

அன்றிலிருந்து கார்த்திகேசுக்குச் சோறு இறங்கவில்லை.

"கார்த்தி, அந்தப் புள்ள பத்து நிமிசத்துல செஞ்சிடுச்சாமே," என்றார் ஷரபுதீன், தேநீரை வைத்தபடி. "நீ அரைமணி நேரம் உள்ள என்னாப்பா செஞ்ச?"

"பாய், விலாசம் மாத்துறது ஒரு வேலையா? தபால்காரனே செய்வான்."

"அப்ப நீ மாத்தியிருக்கலாமே."

கார்த்திகேசு பாதித் தேநீரை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. மனைவி வீரம்மா ரவிக்கை தைப்பவள். செவ்வாய், வியாழன் மத்தியானம் பஜனைக்கென்று கிளம்பிவிடுவாள். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு களை. சாமி பாட்டுக்கு இவ்வளவு களையா என்று அவர் யோசித்திருக்க வேண்டும். பொறாமைக்காரனுக்குப் பக்கத்தில் இருப்பது எங்கே தெரிகிறது?

கடைசி இடி மகேந்திரன் வாயிலிருந்து விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை படிப்பக விழா. தினேஸ்வரிக்குப் பொன்னாடை. நம் பக்கத்தில் பொன்னாடை போர்த்தாத விழா எது? பந்தல் போட்டவனுக்குக்கூட ஒன்று விழும். அப்படிப்பட்ட ஊரில் ஒன்பது வருடமாகக் கார்த்திகேசின் தோளில் துண்டைத் தவிர வேறெதுவும் விழுந்ததில்லை. மூன்று மாதம் வந்தவளுக்குப் பொன்னாடையாம்!

"சாவிய ஞாயித்துக்கெழம கொண்டாந்துரு கார்த்திகேசு," என்றார் மகேந்திரன் சாதாரணமாக. "தினேஸ்கிட்ட குடுத்துடலாம்."

சனிக்கிழமை மத்தியானம், எல்லாரும் கோயிலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்த நேரம், அவர் கடைசித் தடவையாக அந்தச் சாவியைப் போட்டுத் திறந்தார். பெரிய திரையோடு இணைத்த முதலாம் நம்பர் கணினி. விழாவில் யாரோ ஒரு மாணவி எல்லார் முன்னாலும் ஒரு மென்பொருளை இறக்கிக் காட்டப்போகிறாள் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தார். அவருடைய பழைய கணக்கைத் தினேஸ்வரி நீக்காமல் மரியாதைக்கு விட்டு வைத்திருந்தாள். அதன் வழியாகவே நுழைந்தார். பட்டியலைத் திறந்தார். அவளுடைய வரிகளை அழித்தார். தன் பழைய மந்திரத்தை ஓர் எழுத்துப் பிசகாமல் அடித்தார். நாளைக்குத் திரை முழுக்க 'காணவில்லை' என்று வரும். அப்போது எழுந்து, "நான் அப்பவே சொன்னேன், செத்துடுச்சின்னு," என்று சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தை மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. ஷரபுதீன் தேநீர் அண்டாவோடு வந்து வாசல் பக்கம் நின்றார். மகேந்திரன் ஒலிவாங்கியைத் தட்டினார்.

"இப்ப நம்ம மகளிர் வகுப்புல கத்துக்கிட்ட ஒருத்தங்க செஞ்சி காட்டுவாங்க. வீரம்மா, வாங்கம்மா!"

தீபாவளிச் சேலையில் வீரம்மா எழுந்து போனாள். கார்த்திகேசுக்குப் பஜனை எந்த மடத்தில் நடந்தது என்று அந்த நிமிடம் புரிந்தது.

"வணக்கம்," என்றாள் வீரம்மா. "ரவிக்கை அளவு வரையிற சாப்ட்வேர் ஒண்ணு இருக்கு. அத நானே இறக்கப் போறேன்."

ஒற்றை விரலால் நிதானமாகத் தட்டினாள். பெரிய திரையில் வரிசையாக விழுந்தது: நானூற்று நான்கு, காணவில்லை. நானூற்று நான்கு, காணவில்லை. மறுபடியும் தட்டினாள். மறுபடியும் அதே. கழுத்தில் வேர்வை ஓடியது. முன்வரிசையில் யாரோ, "வயசான காலத்துல இதெல்லாம் தேவையா?" என்று சிரித்தார்கள். கார்த்திகேசு சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியம் நான்கு விதமாகவும் தொண்டையிலேயே நின்றது.

தினேஸ்வரி ஓடி வந்தாள். "நீங்க சரியாத்தான் செஞ்சீங்க அக்கா, இருங்க," என்று பட்டியலைத் திறந்தாள்.

ஆறடித் திரையில், முதல் வரியில், வேலிக் குறிக்குப் பக்கத்தில் கம்பீரமாக நின்றது ஒரு 'உ'.

பாவம் செய்யப் போன இடத்திலும் பழக்கம் விடவில்லை. தினேஸ்வரி அவசரமாகப் பக்கத்தைக் கீழே நகர்த்தினாள். அதற்குள் வாசலிலிருந்து ஷரபுதீன் குரல் வந்தது.

"என்னா கார்த்தி, கம்ப்யூட்டருக்கும் மூத்திர டெஸ்டா?"

மண்டபம் வெடித்தது. சிரிக்காதவள் ஒருத்திதான். வீரம்மா திரையைப் பார்த்தாள், புருசனைப் பார்த்தாள். கண் கலங்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"வாங்க," என்றாள். "நீங்க வச்சத நீங்களே எடுங்க."

கார்த்திகேசு எழுந்து நடந்தார். அந்த இருபதடித் தூரத்தைத் தாண்ட ஒரு வயது போனது. பழைய வரியை அழித்தார். பிறகு விரல்கள் அப்படியே நின்றன. புதிய விலாசம் அவருக்குத் தெரியாது. நேற்று அழிக்கும்போது அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

தினேஸ்வரி வாய் திறக்கப் போனாள். வீரம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். பிறகு, பாதை தெரியாதவனுக்கு வழி சொல்கிற மாதிரி, ஓர் எழுத்து, ஒரு புள்ளி, ஒரு சாய்கோடு என்று அந்த நீள விலாசத்தை மனப்பாடமாகச் சொன்னாள். ஒன்பது வருடத்து மந்திரவாதி தலையைக் குனிந்துகொண்டு தட்டினார்.

"ரெண்டு சாய்கோடு. ஒண்ணு உட்டுட்டீங்க."

தட்டினார்.

சாமான் இறங்கியது. வீரம்மா உட்கார்ந்து, கழுத்து இறக்கம் ஏழு என்று கொடுத்ததும் திரையில் ரவிக்கை வளைந்து எழுந்தது. கைதட்டல் அடங்கச் சற்று நேரமானது. தினேஸ்வரிக்குப் பொன்னாடையை வீரம்மாதான் போர்த்தினாள். மகேந்திரன் உள்ளங்கையை நீட்டினார். கார்த்திகேசு இடுப்பிலிருந்து சாவியைக் கழற்றி வைத்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிள் மட்டும் பேசியது. தண்டவாளத்தைத் தாண்டியதும் அவர் மெல்ல ஆரம்பித்தார்.

"பஜனைன்னு ஏன் பொய் சொன்ன?"

"நெசத்தச் சொல்லியிருந்தா, மூச்சுக்காத்து பட்டுடும்னு சொல்லியிருப்பீங்க."

அடுத்த முனையில் வண்டியைத் திருப்பினார்.

"அந்தச் சுழிய அழிச்சிட்டாளா?"

"இல்ல. பிள்ளையார் என்னா தப்பு செஞ்சாருன்னு உட்டுடுச்சி. ஆனா உங்க கணக்க எடுத்துடுச்சி."

அந்தப் பொன்னாடையின் சரிகை அவர் கண்ணை விட்டு இன்னும் போகவில்லை. மட்டமான சரிகை, ரெண்டு தடவை துவைத்தால் கறுத்துவிடும் என்று மனதுக்குள் ஆறுதல் சொல்லிக்கொண்டார். ஆறவில்லை.

"செவ்வாக்கெழம வகுப்பு எத்தன மணிக்கு?" என்று கேட்டார், ரோட்டைப் பார்த்தபடியே.

"ரெண்டு மணி," என்றாள் வீரம்மா. "பொம்பளைங்களுக்கு மட்டும்."