மத்தியகாலத்தில் ஒரு கரண்டி தூள்

நாற்பது வயதில் மாணவனாக இருப்பதும் ஒரு தொழில்தான். சம்பளம் கிடையாது, லீவு நிறைய உண்டு, மேலதிகாரிகள் எல்லோரும் நம்மைவிட இளையவர்கள். தலை நரைத்த பிறகு மாணவர் அட்டைக்குப் படம் பிடித்தவர்கள் இதை வாசித்துத் தலையாட்டுவீர்கள். மற்றவர்கள் சிரிக்கலாம். அன்றைக்கும் சிரித்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் இருந்தவன் நான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரத்துக்கு வந்து சேர்ந்தபோது, என் தமிழுக்கு இங்கே மேசையும் இல்லை, கதிரையும் இல்லை என்று விளங்கியது. கணக்கியல் படிக்கத் தொடங்கினேன். கடைசி வருடத்தில் ஒரு கணக்காளர் அலுவலகம் வேலை தருவதாகச் சொன்னது. ஒரேயொரு நிபந்தனை: வருட முடிவில் பட்டம் கையில் இருக்க வேண்டும். அதுவரை என் மனைவி சாந்தி ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்து வீட்டை இழுத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு வருடம் இழுக்க அவளுக்குத் தெம்பு இருந்தது, விருப்பம் இருக்கவில்லை.

பாடம் தேர்ந்த விதம்

பட்டத்துக்கு வேறு துறையில் ஒரு துணைப்பாடமும் வேண்டும் என்றார்கள். சாந்தி வேலையால் வந்து மகள் அபியைப் பொறுப்பெடுத்த பிறகுதான் நான் எங்கள் வீட்டுப் பக்கத்துக் கிளென் ஈடன் நிலையத்தில் ரயில் ஏறலாம். அந்த நேரத்தில் நடக்கிற வகுப்பு ஒன்றே ஒன்றுதான் இருந்தது: மத்தியகால, மறுமலர்ச்சிக்கால ஐரோப்பியப் பண்பாடு. பதிவு செய்த பெண், "இந்தப் பாடத்தில் உங்களுக்கு எதனால் ஆர்வம்?" என்று கேட்டாள். "ரயில் நேரம்" என்றேன். அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். சாந்தி உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். வேலையிலும் அதுதான், வீட்டிலும் அதுதான். தலை நிமிராமலே தீர்ப்புச் சொன்னாள்: "பிள்ளையைப் பாக்கிற நேரத்துக்கு ஒத்துவருதெண்டா எந்த ராசாவெண்டாலும் படியுங்கோ. ஆனா ஒருத்தரிட்டையும் ஃபெயில் விடாதேங்கோ."

முதல் நாள்

வகுப்புக்குள் நுழைந்ததும் கதைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அடங்கிவிட்டார்கள். நான் கழுத்துப்பட்டி கட்டியிருந்தேன். முதல் நாள் என்றால் கட்டத்தானே வேண்டும்? முன்வரிசைக்குப் போவதற்குள் கிரெய்க் என்ற நெட்டைப் பையன் வழிமறித்தான். தனக்கு ரக்பியில் தோள்மூட்டு விலகிவிட்டதாம், முதல் கட்டுரைக்கு ஒரு கிழமை கூடுதல் அவகாசம் வேண்டுமாம். பத்திரிகையில் எத்தனையோ நிருபர்களின் சாக்குகளைக் கேட்டவன் நான். இது பரவாயில்லாத சாக்கு. "சரி, ஒரு கிழமை எடு" என்றேன்.

அதன் பிறகுதான் உண்மையான விரிவுரையாளர் வந்தார். சைக்கிள் தலைக்கவசத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "என்னை ஹெலன் என்று கூப்பிடுங்கள்" என்றார். நான் போய் மாணவர் வரிசையில் குந்தினேன். கிரெய்க் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தோள் நோவை மறந்து என் காதுக்குள் குனிந்தான்: "அப்ப நீங்கள் தந்த ஒரு கிழமை செல்லுமா?"

வீட்டில் கொள்ளைநோய்

அபிக்கு எட்டு வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். இங்கே பள்ளிக்கூடங்களில் காலையில் பிள்ளைகள் எழுந்து நின்று வீட்டுச் செய்தி சொல்வது வழக்கம். ஐரோப்பாவைப் பாதி காலி செய்த கொள்ளைநோயைப் பற்றி நான் வியாழக்கிழமைச் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்த கிழமை, எங்கள் வீட்டு நிருபர் எழுந்து செய்தி வாசித்திருக்கிறாள்: "அப்பாவுக்குக் கொள்ளைநோய். வியாழக்கிழமையோடு முடிந்துவிடும்."

ஆசிரியை தொலைபேசி எடுத்து, மிகவும் பதமாக, வீட்டில் யாருக்கும் சுகமில்லையா என்று விசாரித்தார். நான் என் துணைப்பாடத்தை ஆதியிலிருந்து விளக்கினேன். அந்தப் பக்கத்தில் பெருமூச்சு ஒன்று கேட்டது. "நல்லது. ஏனென்றால், அடுத்த கிழமை அப்பாவைத் தூணில் கட்டி எரிக்கப் போகிறார்கள் என்றும் அபி சொன்னாள்."

நம்பத்தகுந்த வட்டாரங்கள்

எழுத்து என் தொழில். கட்டுரையில் தப்பிவிடுவேன் என்று நம்பியிருந்தேன். குடியானவர்கள் பிரபுக்களை எதிர்த்துக் கிளம்பிய கதையை எழுதச் சொன்னார்கள். எழுதினேன்: முதல் வரியிலேயே செத்தவர் தொகை, இரண்டாவது வரியில் அரண்மனை வட்டாரத்தின் மறுப்பு, நடுவில் 'பெயர் குறிப்பிட விரும்பாத மடாலயப் பிரமுகர் ஒருவர்', முடிவில் நிலைமை வழமைக்குத் திரும்புவதாக ஒரு பந்தி. எங்கள் மேசையில் என்றால் முதல் பக்கத்தில் போட்டிருப்பார்கள்.

ஹெலன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கட்டுரை விறுவிறுப்பாக இருக்கிறது, கணவருக்கும் வாசித்துக் காட்டினேன் என்றார். ஆனால் ஆதாரம் ஒன்றும் காட்டாததால் புள்ளி பாதிகூட வரவில்லை. இனி வருட முடிவில் வரும் குழு வேலையில் நல்ல புள்ளி எடுத்தால்தான் பாடம் தேறும், பாடம் தேறினால்தான் பட்டம், பட்டம் இருந்தால்தான் வேலை. எங்கள் நாட்டில் தகவல் தந்தவரைக் காட்டிக்கொடுப்பதில்லை என்று முனகிப் பார்த்தேன். ஹெலன் கட்டுரையை மிருதுவாக என் பக்கம் தள்ளினார். "இவர்கள் எல்லோரும் செத்து அறுநூறு வருடமாகிறது. இனி நீங்கள் பெயரைச் சொல்லலாம்."

என்ன வேலை எடுக்கலாம்

இதற்கிடையில் எங்கள் சனத்துக்கும் செய்தி போய்விட்டது. ஒரு கலியாண வீட்டில் சிவபாலன் அண்ணை பிடித்துக்கொண்டார். ஒக்லாந்தில் எந்தத் தமிழ்ப் பிள்ளை என்ன படிக்க வேண்டும் என்பதை அவர்தான் தீர்மானிப்பார். யாரும் கேட்காமலே தீர்மானிப்பார்.

"மத்தியகாலம் எண்டு கேள்விப்பட்டன். அதுக்கு என்ன வேலை இருக்கு?"

"கோட்டை காக்கிற வேலை இருக்கு அண்ணை."

"நியூசிலாந்தில கோட்டை இல்லையே."

"அதுதான் போட்டியும் இல்லை."

அவர் சிரிக்கவில்லை. வடையைத் தட்டில் வைத்துவிட்டு என் தோளில் கை போட்டு, ஒதுக்குப்புறமாகக் கூட்டிக்கொண்டு போனார். "தம்பி, இதை வெளியில சொல்லிக்கொண்டு திரியாதையும். உமக்கும் ஒரு பொம்பிளைப் பிள்ளை வளருது."

சமையல் இலாகா

குழு வேலை என்பது ஒரு விருந்து. பதினான்காம் நூற்றாண்டுப் பிரபு வீட்டுச் சாப்பாட்டைச் சமைத்து, விருந்தாளிகளைக் கூப்பிட்டுப் பரிமாறி, கேள்விகளுக்குப் பதிலும் சொல்ல வேண்டும். என் குழுவில் கிரெய்க். அடுத்தது லோசா, ஒக்லாந்தின் தெற்கே மாங்கரேயில் வளர்ந்த சமோவாத் தீவுப் பிள்ளை, எங்கள் மூவரில் ஒழுங்காக வாசித்துவிட்டு வருபவள். மிளகு, கறுவா, கராம்பு, இஞ்சி என்று செய்முறையை வாசித்தபோது இருவரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சமையல் எனக்கு வந்தது. அதாவது, சாந்திக்கு வந்தது.

ஒரு விதி மட்டும் கண்டிப்பானது. அமெரிக்காவிலிருந்து பின்னால் வந்த எதுவும் சட்டிக்குள் விழக்கூடாது: தக்காளி இல்லை, உருளைக்கிழங்கு இல்லை, மிளகாய் இல்லை. விழுந்தால் புள்ளி போய்விடும். பாதாம் பாலில் கோழி என்று கேட்டதும், தேங்காய் கிடைக்காதவன் செய்த குழம்பு என்று சாந்திக்கு உடனே பிடிபட்டுவிட்டது. மிளகாய்தான் தொண்டையில் நின்றது. கப்பலில் வெள்ளைக்காரன் கொண்டுவரும் வரைக்கும் யாழ்ப்பாணத்திலும் மிளகாய் இருக்கவில்லை என்று நான் சொன்னதை அவள் ஒரு அவதூறாகவே எடுத்துக்கொண்டாள். "அப்ப அதுக்கு முந்தி எங்கட சனம் சோத்தை எதோட சாப்பிட்டது? கண்ணீரோடையோ?"

விருந்து

மண்டபத்துச் சுவரில் கரும்பலகை. அதில் லோசா அழகான எழுத்தில் 'பதினான்காம் நூற்றாண்டு விருந்து' என்று எழுதியிருந்தாள். கிரெய்க் ஜன்னல் திரைச்சீலை ஒன்றைப் போர்த்திக்கொண்டு பிரபுவாக நின்றான். தட்டுக்குப் பதிலாகத் தடித்த பாண் ரொட்டித் துண்டு. முள்ளுக்கரண்டி கிடையாது, கையால்தான். மற்றக் குழுக்களின் விருந்தாளிகள் விரல்களை என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தபோது, நான் கூப்பிட்டிருந்த எங்கள் சனத்தின் பக்கம் ஏழாவது வாய் போய்க்கொண்டிருந்தது. சிவபாலன் அண்ணை பாணைத் திருப்பிப் பார்த்து, "இலையையும் சாப்பிடலாமெண்டால் இவங்கள் கெட்டிக்காரர்" என்றார்.

ஹெலன் புள்ளிப் பலகையோடு வந்து கோழியில் ஒரு வாய் வைத்தார். மென்றார். நின்றார். மூக்கு சிவந்து, நெற்றி வேர்த்து, கண்ணால் தண்ணீர் வழிந்தது. "இதற்குள் மிளகாய் இருக்கிறது" என்றார். எனக்கு அலுவலகம், மேசை, கதிரை எல்லாம் கண்ணுக்கு முன்னால் கப்பலேறிப் போயின. சாந்தியைப் பார்த்தேன். அவள் முகத்தில் குற்றம் செய்த குறி ஒன்றும் இல்லை.

"மிளகாய் போடேல்லை."

"பிறகென்ன போட்டனீர்?"

"தூள்தான். ஒரு கரண்டி. தூள் போடாமல் கறி எப்பிடி வைக்கிறது?"

வறுத்து அரைத்த எங்கள் கறித்தூளில் பாதிக்கு மேல் மிளகாய்தான் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் யாழ்ப்பாணத்துக் குசினியில் மிளகாய் என்பது காய். தூள் என்பது தூள். இதை ஆங்கிலத்தில் எந்த முனையில் தொடங்குவது என்று நான் திணறிக்கொண்டிருக்க, சாந்தி என் முழங்கையை இடித்தாள். "கப்பல் எங்கட பக்கம் கொஞ்சம் முந்தி வந்திட்டுதெண்டு சொல்லுங்கோவன்."

சொன்னேன். வேறு என்ன சொல்ல? அதைக் கேட்டதும் லோசா கரும்பலகைக்கு நடந்தாள். 'பதினான்காம்' என்பதை அழித்து 'பதினாறாம்' என்று எழுதினாள். கீழே 'கொழும்பு, போர்த்துக்கேயக் கப்பல் தலைவன் வீடு' என்று சேர்த்தாள். மண்டபம் முழுக்கச் சிரித்தது. ஹெலன் மட்டும் சிரிக்கவில்லை. "அப்படியானால் மிளகாய் கொழும்புக்கு எப்படி வந்தது என்று சொல்லுங்கள். என் நாக்கு ஆறும் வரைக்கும் நேரம் தருகிறேன்."

சொன்னோம். கறுவாவும் மிளகும் ஏற்ற வந்த கப்பல்கள் கோவாவுக்கும் கொழும்புக்கும் எதை இறக்கின என்று நான் தொடங்கினேன், லோசா சாமான் விலையும் துறைமுகமும் சொன்னாள், கிரெய்க் திரைச்சீலையை அள்ளிப் பிடித்துக்கொண்டு கப்பல் தலைவனாகவே மாறிப்போனான். கேள்விகள் நாக்கு ஆறிய பிறகும் நீண்டன. கடைசியில் ஹெலன் மூக்கைத் துடைத்து, புள்ளிப் பலகையில் ஏதோ எழுதி, பாண் துண்டைச் சாந்தியிடம் நீட்டினார்: "பாடத்தின் பெயரில் மறுமலர்ச்சியும் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் போடுங்கள்."

பாடம் தேறியது, பட்டம் வந்தது, வேலையும் கிடைத்தது. சான்றிதழில் என் பெயர் மட்டும் இருப்பது அச்சுப்பிழை என்று சாந்தி இன்றைக்கும் சொல்கிறாள், திருத்தம் போட என்னிடம்தான் பத்திரிகை இல்லை.