அழிய மறுத்த டிஸ்க்

“டிஸ்க்கை அன்மவுண்ட் செய்ய முடியவில்லை.” ஓ.எஸ். மாற்றும்போது, டிஸ்க்கைப் பயன்பாட்டிலிருந்து விடுவிக்க முடியாவிட்டால் வரும் இந்த எர்ரரைத்தான் நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். பார்த்தால் சலிப்புதான் வரும். ஒரே ஒரு முறை அதைப் பார்த்துப் பயந்திருக்கிறேன்.

அவனியாபுரத்தில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு மத்தியானம் இளம்பெண் ஒருத்தி லேப்டாப்போடு உள்ளே வந்தாள். கண்ணாடிக் கதவைத் தானே சாத்தினாள். ரசீது போடப் பெயர் கேட்டேன்.

“பேரு வேணாம்க்கா. இதுல இருக்கது அம்புட்டையும் அழிச்சுட்டுப் புது ஓ.எஸ். போடணும். நெட்ல மட்டும் போட்டுறாதீங்க.”

ஏன் என்று கேட்டதும் தயங்கித் தயங்கிச் சொன்னாள். கணவன் அவளுக்குத் தெரியாமல் அதில் ஒரு வேவு சாஃப்ட்வேர் போட்டிருக்கிறான். பகலில் தோழிக்கு அவள் டைப் செய்ததை, இரவு சாப்பிடும்போது ஒரு வார்த்தை மாறாமல் சொல்லிக் காட்டுவானாம். மெஷின் நெட்டில் சேர்ந்தால், அது இருக்கும் இடமும் அவன் போனுக்குப் போய்விடும். கோயம்புத்தூரில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. அது அவனுக்குத் தெரியாது. போனை வீட்டிலேயே போட்டுவிட்டு வந்திருந்தாள்.

“இதையும் விட்டுட்டுப் போயிரலாமேம்மா.”

“இதுலதான்க்கா வேலையே. என் சம்பளத்துல வாங்குனது.”

பழுது பார்க்கவென்று மெஷினுக்குள்ளேயே இருக்கும் ரெக்கவரியில் திறந்து, டிஸ்க்கை அழிக்க எரேஸ் கொடுத்தேன். அன்மவுண்ட் எர்ரர் வந்தது. ரீஸ்டார்ட் செய்து மறுபடி கொடுத்தேன். அதேதான். அழிக்க வேண்டிய டிஸ்க்கிலிருந்தே ரெக்கவரியும் ஓடிக்கொண்டிருந்தது. பயன்பாட்டில் இருக்கிற டிஸ்க்கை அழிக்க சிஸ்டம் விடாது. மெஷினை வெளியிலிருந்து கிளப்ப, அதாவது பூட் செய்ய வேண்டும். என்னிடமிருந்த பென் டிரைவ் அந்த மாடலுக்கு ஒத்துவரவில்லை. மிச்சமிருந்த வழி, ரெக்கவரியையே நெட்டிலிருந்து இறக்கி ஓட்டும் இன்டர்நெட் ரெக்கவரி.

“நெட்டா? வேணாம்க்கா. வந்துருவாரு.”

“உள்ள இருக்க ஓ.எஸ். எந்திரிக்கவே செய்யாதும்மா. அது எந்திரிக்காம அந்த சாஃப்ட்வேரும் ஓடாது. அவருக்கு ஒண்ணும் போகாது.”

“நெசமாவா?”

தொழில்படி அது நிச்சயம். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்கே உள்ளுக்குள் ஆட்டம் கண்டது. கடைசியில் அவளே தலையசைத்தாள். கீகளைச் சேர்த்து அழுத்தி, கடை வைஃபையைக் கொடுத்தேன். திரையில் பூமி உருண்டை மெதுவாகச் சுற்றத் தொடங்கியது.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு பைக் நின்றது. அவள் கண்ணாடி வழியே பார்த்தாள். “அவருதான்க்கா” என்றாள். அவள் கையைப் பிடித்து ஸ்டோர் ரூமுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். நெட்தான் காட்டிக்கொடுத்துவிட்டதோ என்று நினைத்தேன்.

வந்தவன் அதட்டவில்லை. அமைதியாகப் பேசினான்.

“வணக்கம்க்கா. என் வீட்டம்மா லேப்டாப் எதுவும் கொண்டாந்தாகளா? அவனியாபுரம் ஷேர் ஆட்டோவுல ஏறுனாகன்னு பக்கத்து வீட்டுல சொன்னாக. அதான் கடை கடையாப் பாத்துட்டு வாரேன்.”

“இன்னைக்கு லேடீஸ் யாரும் வரலையே தம்பி.”

“மனசு சரியில்லாதவக்கா. ஏதும் பண்ணிக்கிருவாளோன்னு பயமா இருக்கு.” சொல்லிக்கொண்டே மேஜையைப் பார்த்தான். லேப்டாப்பின் மூலையில் ஒரு நசுங்கல் இருந்தது. அதை வைத்து அடையாளம் கண்டுவிடாதபடி அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டேன்.

“இது யாருது?”

“ஒரு வாத்தியாருது.”

திரையைக் குனிந்து பார்த்தான். “என்னக்கா, உலகம் சுத்துது.”

“நெட்ல இருந்து இறங்குது. நேரமாகும்.”

நாற்காலியில் உட்கார்ந்தான். குடிக்கத் தண்ணீர் கேட்டான். தண்ணீர் கேன் ஸ்டோர் ரூமில் இருந்தது. நான் வாய் வைத்துக் குடித்த பாட்டிலையே நீட்டினேன். குடித்துவிட்டு, “வந்தா ஒரு போன் போடுங்க” என்று நம்பர் கொடுத்துப் போனான்.

பைக் சத்தம் மறைந்த பிறகுதான் கீபோர்டில் கை வைத்தேன். இன்டர்நெட் ரெக்கவரி வந்திருந்தது. ‘ஷோ ஆல் டிவைசஸ்’ கொடுத்து, உள் பாகங்களை விட்டுவிட்டு, மேலே இருந்த முழு டிஸ்க்கையும் தேர்ந்தெடுத்து எரேஸ் கொடுத்தேன். இம்முறை அழிந்தது. ஸ்டோர் ரூமைத் திறந்தால், அவள் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஓ.எஸ். ஏறும்வரை காத்திருக்க இருவருக்கும் தைரியமில்லை. கோயம்புத்தூர் போய் எப்படி ஏற்றுவது என்று சொல்லிக்கொடுத்தேன். என் ஹெல்மெட்டை அவளுக்கு மாட்டி, ஸ்கூட்டரில் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய் பஸ் ஏற்றினேன். வழியெல்லாம் பின்னால் வந்த ஒவ்வொரு பைக்கும் அவனுடையதாகவே தோன்றியது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். அன்மவுண்ட் எர்ரர் வந்தால் எரேஸையே திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். வெளியிலிருந்து பூட் செய்து முழு டிஸ்க்கையும் அழியுங்கள். பெயர் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் இரண்டாம் முறை கேட்காதீர்கள். வேலை முடிந்ததும் அவர்களைப் பற்றி உங்களிடம் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

சில நாள் கழித்துப் புது நம்பரிலிருந்து, “ஓ.எஸ். ஏறிருச்சுக்கா” என்று மெசேஜ் வந்தது. படித்ததும் மெசேஜையும் நம்பரையும் அழித்தேன்.

அந்த வாரமே அவன் மறுபடி வந்தான். “சார்ஜ் இல்லக்கா. ஒரு கால் பண்ணிக்கிறேன்” என்று என் போனைக் கேட்டான். கொடுத்தேன். அவன் யாருக்கும் கால் பண்ணவில்லை. நின்றபடியே மெசேஜ்களை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.