மூளைக்காரரின் மூன்று பில்கள்

12.3.2009 — 4,500
30.4.2009 — 4,500
19.7.2009 — 11,000

மூளைக்காரர் தன் தம்பியிடம் வாங்கிய தொகைகள் இவை. நகல்கள் என்னிடம் இருக்கின்றன. என் உதிரிபாகக் கடைக்கு மேல்மாடியில் இருபத்திரண்டு ஆண்டுகள் அவர் கார்களின் ஈ.சி.யூ. பழுது பார்த்தார், பில் எழுதியது நான். எஞ்சினுக்கு எப்போது எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி என்று தீர்மானிக்கிற பெட்டி அது. மெக்கானிக்குகள் அதை மூளை என்பார்கள். அதனால் அவர் மூளைக்காரர்.

பத்துக்குப் பன்னிரண்டு அறை. மேசை, பூதக்கண்ணாடி விளக்கு, ஒரே நாற்காலி. வந்தவர்கள் நின்றபடியே பேசிவிட்டுப் போவார்கள். திரைக்குப் பின்னால் கட்டில், ஒரு தட்டு, ஒரு தம்ளர்.

“என்ன மூளைக்காரரே, நமக்கு ஏதாவது மிச்சம் இருக்கா?” என்று படியிலிருந்தே ஒருவன் கேட்பான்.

“இருக்கு. ஆனா லாரி மூளை. உன் மண்டை தாங்காது.”

பெட்டிதான் அவரிடம் வரும். அவர் வண்டியிடம் போகமாட்டார். மெக்கானிக் கழற்றிக் கொண்டுவருவான். இவர் மூடியைத் திறந்து, தண்ணீர் புகுந்து பச்சை பூத்த சில்லுக் கால்களை, விரிசல் விட்ட ஈயப்பற்றை, கருகிய டிரான்சிஸ்டரைத் தேடுவார். பெரும்பாலும் ஏதாவது அகப்பட்டுவிடும்.

கல்யாணம் செய்துகொள்ளாமல் அவர் வளர்த்து ஆளாக்கிய தம்பி வாடகைக் கார் ஓட்டினான். ஒரு கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் ஒப்பந்தம் இருந்தது. 2009இல் அவன் கார் நடுவழியில் அணையத் தொடங்கியது. பெட்டி மேலே வந்தது. ஓர் ஈயப்பற்று லேசாக விட்டிருந்தது; பற்றவைத்துக் கொடுத்தார். ஏழு வாரம் ஓடிற்று. மறுபடி வந்தது, மறுபடி பற்றவைத்தார். மூன்றாவது தடவை வேறு பெட்டியே வாங்கிப் போட்டார். ஆகஸ்டில் அதுவும் அணைந்தது. ஒப்பந்தம் போயிற்று.

அன்று மாடியில் நடந்தது கீழே எனக்குக் கேட்டது.

“ஊரானுக்குன்னா ஒரு தடவ, தம்பிக்குன்னா மூணு தடவ பில்லாண்ணே?”

“டேய், பெட்டி நல்லாத்தான் இருக்குடா.”

“அப்ப நான் பொய் சொல்றனா? வண்டிக்கு மூளை இருக்குண்ணே. உனக்குத்தான் இல்ல.”

காரை விற்றுவிட்டு அவன் வேறு ஊருக்குப் போய்விட்டான்.

14.11.2016, திங்கள். ஒரு பள்ளி ஆசிரியை காரோடு வந்தார். மூளைக்காரர் ஜன்னல் வழியே வண்டி எண்ணைப் பார்த்துவிட்டார்; தம்பி விற்ற கார். அவர் மீட்டரோடு படியிறங்கியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

“லைட்டும் ஏசியும் சேர்ந்து ஓடினா அணைஞ்சிடுது சார்” என்றார் ஆசிரியை.

பேட்டரியின் எர்த்துக்கும் பெட்டியின் எர்த்துக்கும் நடுவே அளந்தார். கிட்டத்தட்டப் பூஜ்யம் இருக்கவேண்டிய இடத்தில் 1.4 வோல்ட். பேட்டரித் தட்டுக்கு அடியில் எர்த் ஒயரின் போல்ட்டைக் கழற்றினார். ஒயருக்கும் பாடிக்கும் இடையில், மின்சாரத்தைத் தடுத்துக்கொண்டு, பெயின்ட். தம்பி கார் வாங்கிய வாரம், துரு ஏறக்கூடாதென்று இவரே ஆசையாகப் பூசி, சுரண்டாமல் அதன்மேலேயே ஒயரை முடுக்கியிருந்தார். பெட்டியைக் கழற்றி மாட்டிய ஒவ்வொரு தடவையும் மெக்கானிக் அந்த ஒயரையும் அசைத்து இறுக்கியதால்தான் சில வாரங்கள் ஓடியிருக்கிறது.

உப்புத்தாளால் தேய்த்து மாட்டினார். வண்டி அணையவில்லை. ஆசிரியையிடம் காசு வாங்காமல் என் கடைக்குள் வந்தார்.

“பெட்டியில ஒண்ணுமே இல்லங்க. அந்த மூணு பில்லையும் எடுங்க.”

மூன்றும் சேர்ந்து 20,000. தம்பியோடு கார் ஓட்டிய பழைய ஓட்டுநர் ஒருவரிடம் அவன் விலாசம் வாங்கி, நடந்ததை எழுதி, காசோலையும் வைத்து 16.11.2016 அன்று தபாலில் சேர்த்தார். அதே வாரம் இரண்டாவது நாற்காலி வாங்கினார். மெக்கானிக் யாராவது உட்கார்ந்தால், “எழுந்திரு, அது வர்றவனுக்கு” என்பார்.

“வர்றவன் நான்தானே?”

“நீ தினம் வர்றவன்.”

ஜனவரியில் ஒன்று, மார்ச்சில் ஒன்று எழுதினார். பதில் இல்லை. காசோலை வங்கிக்கே போகவில்லை, மாதாமாதம் விசாரித்தார்.

கடைசியில் ஒரு கடிதம் வந்தது. கடையில் நின்றபடியே படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

“அண்ணே, செக்கைக் கிழிச்சிட்டேன். பணம் வேணாம். நீ ஏமாத்தலன்னு இப்ப தெரியுது. கோபம் எப்பவோ போயிடுச்சு. அதோட பேசற பழக்கமும் போயிடுச்சு. இனிமே எழுதாதே. உடம்பப் பாத்துக்க.”

திரும்ப நீட்டினேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

“நீங்களே ஃபைல்ல வைங்க. தேதி போட்டு வைங்க.”

போட்டேன்: 9.6.2017, வெள்ளிக்கிழமை.