அரக்கு போடாத நாளில் ஓடிய தண்ணீர்

சாமி வந்து ஆடுகிறவர்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருமுறை ஆடி மாசம் எங்கள் தெருவில் கூழ் ஊற்றும்போது சாமியாடின ஒரு அம்மாளிடம், "போதும், எழுந்து போய் வீட்டு வேலையைப் பாரு" என்று சொல்லி, அந்த அம்மாளின் பிள்ளைகளிடம் செம்மையாக உதை வாங்கியிருக்கிறேன். பேய் என்றால் சிரிப்பேன், சகுனம் என்றால் திட்டுவேன். அப்படிப்பட்ட நான்தான் இதைச் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை, ஆனால் பாதியில் சிரிக்க மட்டும் சிரிக்காதீர்கள். எனக்குக் கோபம் வரக்கூடாது. ஏன் வரக்கூடாது என்பதுதான் விஷயமே.

பிள்ளையார்பாளையத்தில் எங்களுக்கு வீட்டோடு ஒட்டின சாயப்பட்டறை. தறிக்குப் போகிற பட்டு நூலுக்குச் சாயம் போட்டுக் கொடுப்பது தொழில். நானும் என் தம்பி குமாரும்தான் அதில் இரண்டு ஆள். எனக்கும் அவனுக்கும் பதினாலு வயது வித்தியாசம், அப்பா போன பிறகு நான்தான் வளர்த்தேன், அடித்தும் வளர்த்தேன், இதில் மறைக்க ஒன்றுமில்லை. எனக்கு வாய் பேசுவதற்கு முன்னால் கை பேசிவிடும். என் மனைவி கலாவின் மேல் மட்டும் ஒரு நாளும் கை வைத்ததில்லை, அதற்குப் பதிலாக வீட்டில் இருந்த இரண்டு டிவி போயிருக்கிறது.

பட்டறையில் இருந்து வெளியேறுகிற தண்ணீர் ஒரு சின்ன வாய்க்காலில் ஓடி, சுவருக்கு அடியில் ஒரு ஓட்டை வழியாகத் தெருச் சாக்கடையில் போய் விழும். தெருவில் போகிறவர்கள் அதைப் பார்த்தே இன்றைக்கு எங்களிடம் என்ன கலர் என்று சொல்லிவிடுவார்கள். மஞ்சள் ஓடினால் மாம்பழ மஞ்சள், நீலம் ஓடினால் மயில் கழுத்து, சிவப்பு ஓடினால் அரக்கு. முகூர்த்த மாதங்களில் வாரத்தில் நாலு நாள் அரக்குதான் ஓடும். அதனால் எங்கள் தெருவில் சிவப்புத் தண்ணீரைப் பார்த்து யாரும் திடுக்கிட மாட்டார்கள், புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு தாண்டிப் போவார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதெல்லாம் யாரும் பட்டறைக்கு நேரில் வந்து கலர் பார்ப்பதில்லை, போட்டோ அனுப்பு என்கிறார்கள். போனில் எடுத்து அனுப்பினால் கத்தரிப்பூ கலர் அவர்கள் போனில் வேறு ஏதோ கலராகத் தெரியும், நூலைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதுவும் இல்லாமல் மூன்று போன் கொதிக்கிற அண்டாவில் விழுந்து செத்தது. சரி, ஒரு கேமரா வாங்கிவிடலாம் என்று முடிவு பண்ணினோம், அங்கேதான் சனியன் பிடித்தது. குமாருக்கு மிரர்லெஸ் வேண்டும், லென்ஸ் கழற்றி மாட்டுகிற மாதிரி, புதிதாகப் படிக்கிறவர்கள் வாங்குகிற சாதாரண மாடல்தான், ஆனால் படம் கண்ணாடி மாதிரி இருக்கும், அதில் வீடியோ எடுத்து இன்ஸ்டாவில் பட்டறைக்கு ஒரு பேஜ் போட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். நான் முரட்டுக் கேமராதான் என்றேன், அதாவது கையடக்கமாக, தண்ணீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாது, கீழே விழுந்தாலும் உடையாது என்று விற்கிறார்களே அது. ஆவியும் ஆசிடும் சோடாவும் பறக்கிற இடத்தில் லென்ஸ் கழற்றி மாட்டுகிற சாமான் ஒரு மாதம் தாங்குமா, நீங்களே சொல்லுங்கள்.

ரயில்வே ரோட்டில் பழைய கேமரா வாங்கி விற்கிற ஒருவர் குமாருக்குப் பழக்கம். "ரெண்டையும் எடுத்துக்கினு போ, ரெண்டு நாள் வச்சிப் பாரு, பிடிச்சத வச்சிக்கினு இன்னொண்ணக் குடு" என்று கொடுத்தனுப்பினார். புதன்கிழமை காலையில் இரண்டும் பட்டறைக்கு வந்தன. அன்றைக்கு எங்களுக்குக் கிளிப்பச்சை, மறுநாளும் கிளிப்பச்சைதான், பெரிய ஆர்டர். கொடியில் பச்சை நூல் சிட்டங்கள் வரிசையாகத் தொங்குகின்றன, குமார் அதை மிரர்லெஸ்ஸில் எடுத்தான். நான் முரட்டுக் கேமராவை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கத்தில் குந்தி, ஓடுகிற பச்சைத் தண்ணீரையும் பின்னால் தொங்குகிற நூலையும் சேர்த்து எடுத்தேன். தண்ணீர் தெறித்தாலும் அது பாட்டுக்கு வேலை செய்தது, எனக்கு ஒரே குஷி. தெருப் பக்கமும் போய் நாலு படம் தட்டினேன்.

சாயங்காலம் குமாரின் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தோம். அவன் எடுத்தது பச்சை, அப்படியே நேரில் பார்க்கிற பச்சை. அடுத்து நான் எடுத்த முதல் படத்தைத் திறந்தான். கொடியில் நூல் பச்சையாகத்தான் இருந்தது. கீழே வாய்க்காலில் ஓடுகிற தண்ணீர் மட்டும் சிவப்பு.

குமார் விழுந்து விழுந்து சிரித்தான். "இன்னாண்ணா இது, பச்ச போட்ட அன்னிக்கி அரக்கு ஓடுது? உன் கேமராவுக்குக் கண்ணு அவிஞ்சிபோச்சா?"

"நூலு பச்சையாதானடா இருக்குது? தண்ணி மட்டும் எப்டிடா மாறும்?" என்று கேட்டேன்.

"சின்ன சென்சார்ணா, ஓடுற தண்ணியெல்லாம் அதுக்குப் புடிபடாது. இத வச்சிக்கினு கலர் அனுப்புனா நஷ்டம் கட்ட வேண்டியது நாமதான். உன்ன மாதிரியே அதுவும், முரடு மட்டும்தான், விசயம் ஒண்ணும் இல்ல."

அந்தக் கடைசி வார்த்தைதான். லேப்டாப் மூடியைப் படாரென்று சாத்தினேன், அவன் விரல் நடுவில் இருந்தது. கலா ஓடி வந்து, "ரெண்டு பேரும் இன்னா சின்னப் பசங்களாப்பா?" என்று பிடித்து விலக்கினாள். மற்ற படங்களை அன்றைக்குப் பார்க்கவே இல்லை.

மறுநாள் பதினோரு மணி இருக்கும். அண்டா கொதிக்கிறது, இரண்டாவது தவணைக் கிளிப்பச்சை. நூல் சிட்டங்களை மாட்டிச் சாயத்தில் புரட்டுகிற இரும்புக் குழாய் என் கையில். குமார் மிரர்லெஸ்ஸை வைத்துக்கொண்டு வீடியோ எடுக்கிறேன் என்று அண்டாவுக்கு மேல் குனிகிறான், ஆவி பட்டு லென்ஸ் வெள்ளையாக மூடிக்கொண்டது. துடைக்கிறான், மறுபடியும் மூடுகிறது. எனக்கு முந்தின நாள் பேச்சுக்குப் பழிவாங்கின மாதிரி ஒரு சந்தோஷம். "இன்னாடா, உன் மகாராணி கண்ண மூடிக்கினா? ஆவிக்கே இந்தக் கதி" என்றேன். சும்மா இருந்திருக்கலாம். அவனுக்கும் என் ரத்தம்தானே ஓடுகிறது. மேடையில் வைத்திருந்த முரட்டுக் கேமராவை எடுத்தான்.

"இது தண்ணில போட்டாலும் சாவாதுன்னு சொன்னியே, பாக்கலாமா?" என்று கேட்டு, கொதிக்கிற அண்டாவுக்குள் எறிந்தான்.

பச்சைத் தண்ணீர் தெறித்து என் மார்பில் விழுந்தது. தோல் வெந்தது எனக்கு அப்புறம்தான் தெரியும். குழாயை இரண்டு கையாலும் பிடித்து வீசினேன். யோசித்து வீசவில்லை, அப்படி யோசித்திருந்தால் வீசியிருப்பேனா? அவன் வலது காதுக்கு மேலே பட்டது. தேங்காய் உடைக்கிற சத்தம். நின்ற இடத்திலேயே மடங்கி, தலை வாய்க்கால் ஓரத்தில் போய் விழுந்தது. நூல் அலசத் திறந்துவிட்ட குழாய்த் தண்ணீர் அவன் தலைக்கு அடியில் ஓடிக்கொண்டே இருந்தது.

இப்போது சொல்லப்போவதை நான் கலாவிடம்கூடச் சொன்னதில்லை. எனக்குக் கோபம் அடங்கவில்லை. அவன் விழுந்து கிடக்கிறான், கை துடிக்கிறது, நான் குழாயை இரண்டாம் தடவை தலைக்கு மேலே தூக்கிவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அடிக்கத்தான் தூக்கினேன்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் தெருவில் பேச்சுக் குரல் கேட்டது. எதிர்வீட்டு ராணியம்மாள். "கலா, பச்சன்னு சொன்ன, காவாயில அரக்கு வருதே?"

கலாவின் குரல் நிதானமாகப் பதில் சொன்னது. "பச்ச முடிச்சிட்டு அரக்கு போட்டுட்டாங்க போலக்கா."

அவ்வளவுதான், அவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள், கத்தரிக்காய் விலையோ என்னவோ. என் தம்பியின் ரத்தம் அவர்கள் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது, அதைச் சாயம் என்று நினைத்துக்கொண்டு நின்றார்கள். நான் குனிந்து பார்த்தேன். கொடியில் பச்சை நூல் தொங்குகிறது, கீழே வாய்க்காலில் சிவப்பு ஓடுகிறது. அதே கோணம், அதே வெளிச்சம், அதே படம். முந்தின நாள் சாயங்காலம் லேப்டாப்பில் பார்த்தது. ஒரு நூல்கூட இடம் மாறவில்லை. குழாயைக் கீழே போட்டேன்.

அதற்கப்புறம் நான் கத்தினதும், அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினதும், ஆட்டோக்காரர் என் மடியெல்லாம் சிவப்பாக இருப்பதைப் பார்த்து, "இன்னா நைனா, சாயத்தோட ஏறுற, சீட்டு வீணாப் பூடும்" என்று சொன்னதும், எல்லாம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் குமாருக்குப் பதினோரு தையல். வலது காது போய்விட்டது, இன்றைக்கும் அந்தப் பக்கம் கேட்காது. நினைவு வந்ததும் டாக்டர் கேட்டார், எப்படி ஆச்சு என்று. நான் பக்கத்தில்தான் நிற்கிறேன், என் சட்டைக்கு உள்ளே வெந்த தோல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குமார் என்னைப் பார்க்காமலேயே, "தண்ணில வழுக்கி விழுந்துட்டேன் சார்" என்று சொன்னான். வெளியே போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு அழுதேன். நாற்பத்திரண்டு வயதில்.

முரட்டுக் கேமரா அண்டாவிலேயே வெந்து செத்துவிட்டது. கடைக்காரரிடம் அதை நானே வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன், மிரர்லெஸ்ஸும் எங்களிடமே தங்கிவிட்டது. குமார் தலையில் கட்டோடு உட்கார்ந்து பேஜ் ஆரம்பித்தான், நன்றாகவே போகிறது. ஆவி வருகிற நேரத்தில் எடுக்க மாட்டான், காய வைத்த பிறகுதான் எடுப்பான். இதை அன்றைக்கே இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியிருந்தால் முடிந்திருக்கும். இந்த ஒன்றரை வருஷமாக நான் யார் மேலும் கை வைக்கவில்லை, கோபம் வந்தால் எழுந்து தெருவைச் சுற்றி வந்துவிடுவேன். கலாவே ஆச்சரியப்படுகிறாள். அவன் காதைப் பார்த்துத் திருந்திவிட்டேன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள்.

காரணம் அது மட்டும் இல்லை. அந்தச் செத்த கேமராவின் உள்ளே இருந்த மெமரி கார்டு சாகவில்லை. குமார் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது ஒரு மத்தியானம் தனியாக உட்கார்ந்து, நாங்கள் அன்றைக்குப் பார்க்காமல் விட்ட படங்களைப் பார்த்தேன். தெருப் பக்கம் எடுத்த நாலில் மூன்று சரியாகப் பச்சையாக இருந்தன. நாலாவதில் மறுபடியும் சிவப்பு. ஆனால் இடம் சரியில்லை. எங்கள் வாசல்தான், எங்கள் சுவர்தான், ஆனால் சாக்கடை மேல் ஒரு சிமென்ட் சிலாப் மூடியிருக்கிறது. நான் எடுத்தபோது அது திறந்த சாக்கடை. சிலாப்பின் இடது மூலை உடைந்து, அந்த உடைசல் வழியாகச் சிவப்பு தெரிகிறது. பக்கத்தில் ஒரு நீல ரப்பர் செருப்பு குப்புறக் கிடக்கிறது. யார் செருப்பு என்று சொல்ல முடியாது, நானும் குமாரும் ஒரே கடையில் ஒரே செருப்புத்தான் வாங்குவோம்.

போன மாதம் முனிசிபாலிட்டி ஆட்கள் வந்து எங்கள் தெருச் சாக்கடைக்கெல்லாம் சிலாப் போட்டார்கள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மூலையெல்லாம் முழுசாகத்தான் இருந்தது, அதனால் கொஞ்சம் மூச்சு வந்தது. போன திங்கட்கிழமை விறகு ஏற்றி வந்த குட்டியானை வண்டியைப் பின்பக்கம் எடுக்கும்போது சக்கரம் ஏறி உடைந்தது. இடது மூலை.

அன்றைக்கே செவிலிமேட்டில் குமாருக்கு ஒரு வீடு பார்த்துவிட்டேன். நேற்றுக் காலையில் வாசலில் அவனை நிறுத்தி, இடது காதுப் பக்கமாக நின்று சொன்னேன், நீ பட்டறைக்கு வர வேண்டாம், அங்கே போய் இரு, பேஜை அங்கே இருந்து பார்த்துக்கொள். அவனிடம் படத்தைக் காட்டவில்லை. எப்படிக் காட்டுவது, உன்னை நான் கொல்லப் போகிறேன் என்றா?

அவன் முகம் சுருங்கிப்போய்விட்டது. "என்ன வெளிய அனுப்புறியாண்ணா? அன்னிக்கி ஆஸ்பத்திரில உன்னக் காட்டிக் குடுத்தனா நானு?"

"சொன்னாக் கேளுடா."

"மாட்டேன். இது எனக்கும் பட்டறதான். போவமாட்டேன், இன்னா பண்ணுவ? இன்னொரு காதும் கீது, அடி" என்று தலையைச் சாய்த்துக் காட்டினான். எனக்குள்ளே அந்தப் பழைய சூடு வயிற்றில் இருந்து மேலே ஏறுவது தெரிந்தது, ஒன்றரை வருஷம் கழித்து, கை தானாக மடங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு கீழே பார்த்தேன். நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சிலாப் மேல்தான் நின்றுகொண்டிருந்தோம். அவன் இன்னும் வீட்டைக் காலி பண்ணவில்லை.